வார இறுதி மலைப்பயணம் திட்டமிடல்: சேலத்திலிருந்து ஏற்காடு

வார இறுதி மலைப்பயணம் என்பது, நகரத்துக்கு அருகிலுள்ள ஒரு மலைப்பகுதிக்குச் சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களுக்குள் சென்று திரும்பும் குறுகிய சுற்றுலா ஆகும். இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுவோர் பெரும்பாலும் 'பார்க்க வேண்டிய இடங்கள்' என்ற பட்டியலிலிருந்தே தொடங்குகின்றனர். பட்டியல் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அவற்றைப் பார்க்கக் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்கத் தொடங்க வேண்டும் என்பவற்றைப் பலர் கணக்கிடுவதில்லை. அதன் விளைவு, ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பின் களைத்துப்போன ஓட்டுநர், சூடேறிய பிரேக், நெரிசலான மலைப்பாதை என்று முடிகிறது.

எனவே மலைப்பயணத் திட்டத்தை இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி அமைப்பதே பாதுகாப்பானது. இக்கட்டுரை அந்த முறையைச் சேலம் நகரையும் அதன் அருகிலுள்ள ஏற்காட்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

ஏற்காடு: ஓர் அறிமுகம்

ஏற்காடு தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சேர்வராயன் மலையில் அமைந்துள்ள மலைவாழிடம் ஆகும். ஏரியும் காடும் சேர்ந்த இடம் என்பதால் இப்பெயர் வந்ததாகக் கூறப்படுகிறது. ஊரின் நடுவே உள்ள ஏரியே இன்றும் எல்லாத் திசைகளுக்கும் தொடக்கப் புள்ளியாக இருக்கிறது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள மேட்டுப்பகுதி 1,600 மீட்டருக்கும் அதிக உயரமுடையது. ஆக, சுமார் 30 கிலோமீட்டர் பயணத்தில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. பயணத்தின் இன்பமும் இடரும் இந்த உயர வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காலத்தில் இங்குக் காப்பிப் பயிர் அறிமுகமானது. இன்று மலைச்சரிவுகளில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும், அந்த மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகளும் காணப்படுகின்றன. ஆரஞ்சு, பலா, பேரிக்காய், வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோ ஆகியவையும் விளைகின்றன.

எந்த வார இறுதியில் செல்வது?

உயரம் கூடக் கூடக் காற்றின் வெப்பநிலை குறைகிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 பாகை செல்சியசு குறையும் என்பது பள்ளிப் பாடத்தில் உள்ள கணக்கு. இதன்படி 1,200 மீட்டருக்கு ஏறத்தாழ 8 பாகை குறைய வேண்டும். சேலத்தில் 38 பாகை வெயில் அடிக்கும் நாளில் ஏற்காட்டில் 30 பாகை இருக்கலாம். மே மாதத்தில் 'ஊட்டி போலக் குளிரும்' என்று எண்ணிச் செல்வோர் நண்பகலில் ஏமாற்றமடைவது இதனால்தான். காலையும் மாலையும் மட்டும் இதமாக இருக்கும்.

ஏப்ரல், மே: பள்ளி விடுமுறைக் காலம். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறுவது வழக்கம். கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். முன்பதிவு இல்லாமல் சனிக்கிழமை செல்வது உகந்ததன்று. கிளியூர் அருவியில் பெரும்பாலும் நீர் இருக்காது.

சூன் முதல் செப்டம்பர் வரை: கூட்டம் குறைவு. மலை பசுமையாக இருக்கும். மாலையில் மழையை எதிர்பார்க்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை: வடகிழக்குப் பருவமழைக் காலம். மூடுபனி, மழை, மண்சரிவு ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மண் சரிந்து ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. வானிலை ஆய்வு மையம் கனமழை எச்சரிக்கை விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே சரி. முன்பணம் போனாலும் போகட்டும்.

டிசம்பர் நடு முதல் பிப்ரவரி வரை: வானம் தெளிவாக இருக்கும். குளிர் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் காலமும் இதுவே. முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பம் கம்பளி ஆடையுடன் செல்ல வேண்டும்.

மார்ச்சு: முதல் கோடை மழை பெய்தபின் காப்பிச் செடிகள் வெண்மையாகப் பூக்கும். பூ சில நாட்களே நிற்கும் என்றாலும், தேர்வுக்காலம் என்பதால் கூட்டமில்லாத நல்ல மாதம் இது.

மலைக்குச் செல்லும் வழிகள்

சேலத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக மலையடிவாரம் சென்று ஏறும் பாதையே முதன்மையானது. இதில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாக ஏறும் மற்றொரு பாதையும் உண்டு. முதன்மைப் பாதை தடைபடும் நாட்களில் இது மாற்றுப் பாதையாகப் பயன்படுகிறது.

சேலத்திலிருந்து அரசுப் பேருந்துகள் ஏற்காட்டுக்குச் செல்கின்றன. மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர்களுக்குப் பேருந்தே சிறந்தது. நாள்தோறும் ஏறி இறங்கும் ஓட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடமாக இருக்கும். மேலே சென்றபின் ஊருக்குள் ஆட்டோ, வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை இறங்கியவுடன் பேருந்து நிலையத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து வருவோர் இரவு ரயிலில் புறப்பட்டால் விடியலுக்கு முன் சேலம் வந்து சேரலாம். இந்த மலையின் பெயரைத் தாங்கிய ஏற்காடு விரைவு ரயிலும் இத்தகையதே. பெங்களூரிலிருந்து கிருட்டிணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் சுமார் 200 கிலோமீட்டர். வெள்ளி இரவு முழுவதும் தாமே கார் ஓட்டி வந்தவர், உறங்காமல் அப்படியே மலையேறக் கூடாது. அடிவாரத்துக்கு முன்பே சில மணி நேர உறக்கம் தேவை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. மலைப்பகுதிகளில் இத்தகைய விதிகள் பருவத்துக்கு ஏற்ப மாறக்கூடியவை. எந்த மலைக்குச் செல்வதாயினும் புறப்படும் வாரத்தில் அந்த மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தூரத்தை நேரமாக மாற்றுதல்

சமவெளியில் 30 கிலோமீட்டர் என்பது முக்கால் மணி நேரப் பயணம். மலையில் அவ்வாறு கணக்கிட முடியாது. ஏற்காட்டுப் பயணத்தில் மலைப்பாதை மட்டும் சுமார் 20 கிலோமீட்டர். மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஞாயிறு மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனிப் பின்னோக்கிக் கணக்கிடுவோம். டிசம்பரில் சூரியன் மாலை 6 மணி அளவில் மறைகிறது. வெளிச்சம் இருக்கும்போதே, அதாவது 5 மணிக்குள், அடிவாரம் சேர வேண்டும். அதற்கு ஏற்காட்டிலிருந்து 3.30 மணிக்குப் புறப்பட வேண்டும். அதற்கு முன் மதிய உணவும் ஓட்டுநருக்குச் சற்று ஓய்வும் வேண்டும். ஆகவே ஞாயிறன்று சுற்றிப்பார்க்கும் நேரம் நண்பகல் 12.30 மணியோடு முடிகிறது.

இரண்டு நாட்களிலும் உண்மையில் கையில் உள்ள நேரம் இவ்வளவுதான்:

சனிக்கிழமை காலை 10 முதல் மாலை 6 வரை 8 மணி நேரம். உணவு, அறையில் பொருட்களை வைப்பது, ஓய்வு ஆகியவற்றுக்கு இரண்டரை மணி நேரம் கழித்தால் மீதி ஐந்தரை மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 முதல் 12.30 வரை 6 மணி நேரம். சிற்றுண்டிக்கும் அறையைக் காலி செய்வதற்கும் 2 மணி நேரம் கழித்தால் மீதி 4 மணி நேரம்.

மொத்தம் ஒன்பதரை மணி நேரம். ஓர் இடத்துக்குப் போய்வரும் நேரமும் சேர்த்துச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் என்றால், ஆறு இடங்களுக்கு மேல் பார்க்க முடியாது. பட்டியலில் பதினைந்து இடங்கள் இருந்தால் ஒன்பதை அடித்துவிட்டே புறப்பட வேண்டும். அடிக்காமல் சென்றால், ஞாயிறு மதியத்துக்குப் பின் 'இன்னும் ஒன்றே ஒன்று' என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இறங்கும் நேரம் இரவாகிவிடும்.

பள்ளி, கல்லூரிச் சுற்றுலாவுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 50 மாணவர்கள் பேருந்திலிருந்து இறங்கி, கழிப்பறை சென்று, வரிசையில் நின்று, மீண்டும் ஏறித் தலை எண்ணி முடிக்க அரை மணி நேரம் எளிதாகப் போய்விடும். ஆதலால் அவர்களுக்கு நான்கு இடங்களே போதும்.

இரண்டு நாள் திட்டம்

முதல் நாள்

காலை 7 மணிக்குச் சேலத்திலிருந்து புறப்பட்டால் 9 மணிக்குள் ஏற்காட்டில் சிற்றுண்டி உண்ணலாம். விடுதி அறை பெரும்பாலும் நண்பகலில்தான் கிடைக்கும். பைகளை மட்டும் அங்கே வைத்துவிட்டு வெளியே செல்லலாம்.

தாவரத் தோட்டம்: இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் உள்ளது. பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைத் தாவரத்தையும் இங்குக் காணலாம். உயிரியல் மாணவர்களுக்கு ஏற்காட்டில் இதைவிடப் பயனுள்ள இடம் இல்லை. அரசு நிறுவனம் ஆகையால் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மூடியிருந்தால் பூங்காக்களில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஏரியும் அண்ணா பூங்காவும்: இரண்டும் அடுத்தடுத்து உள்ளன. படகுச் சவாரியைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. காலையில் வரிசை குறைவாக இருக்கும். படகில் உயிர்காப்பு மேலங்கியை அணிவது மட்டுமன்றி, அதன் வார்களை இறுக்கிக் கட்ட வேண்டும். மழைக்காலமாயின் இதற்குப் பதிலாகக் கிளியூர் அருவிக்குச் செல்லலாம். ஏரியின் உபரி நீரே அங்கு அருவியாக விழுகிறது. எனவே ஏரி நிரம்பி வழிகிறதா என்று பார்த்தாலே அருவியில் நீர் இருக்குமா என்பது தெரிந்துவிடும். இறங்கிச் செல்லும் படிகள் மீண்டும் ஏற வேண்டியவை என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஈரப் பாறைகளில் ஏறக் கூடாது.

லேடீஸ் சீட்: மலையின் விளிம்பில் அமைந்த இக்காட்சி முனையிலிருந்து சேலம் நகரமும், தாம் ஏறிவந்த கொண்டை ஊசி வளைவுகளும் தெரியும். தெளிவான நாளில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் தெரிவதுண்டு. மாலை 4.45 மணிக்குச் சென்றால் சூரியன் மறைவதையும், நகரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதையும் பார்க்கலாம். இந்த இடத்தை முதல் நாளில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து திரும்பிச் செல்ல வேண்டிய தூரம் விடுதி வரைதான். இதையே இரண்டாம் நாளுக்கு வைத்தால் சூரியன் மறைந்த பின் இருட்டில் 20 வளைவுகளை இறங்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள்

பகோடா முனை: கிழக்கு நோக்கிய காட்சி முனை என்பதால் காலை 6.30 மணிக்கே செல்வது நல்லது. வெயில் ஏறினால் கீழே உள்ள பள்ளத்தாக்கு மங்கித் தெரியும். மூடுபனி இருந்தால் சற்றுக் காத்திருக்க வேண்டும். பனி விலகும் காட்சியே பலருக்கு நினைவில் நிற்கிறது.

சேர்வராயன் கோயில்: மலையின் உச்சிப் பகுதியில் உள்ள குகைக் கோயில். சேர்வராயனும் காவேரியம்மனும் இங்கு வழிபடப்படுகின்றனர். மே மாதத்தில் திருவிழா நடக்கும்போது சுற்றியுள்ள மலைக் கிராமங்கள் அனைத்தும் இங்குக் கூடுகின்றன. கோயிலைச் சுற்றியுள்ள செம்மண் நிலம் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட் கொண்டது. இம்மலையில் பாக்சைட் சுரங்கப் பணிகளும் நடந்துள்ளன. புவியியல் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

காப்பித் தோட்டச் சாலை: ஏற்காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப் பாதை தோட்டங்களின் ஊடே செல்கிறது. முழுவதும் சுற்றாமல் ஒரு பகுதி மட்டும் சென்று திரும்பினால் போதும். தோட்டங்கள் தனியார் நிலம். வேலிக்குள் நுழைவதோ காப்பிப் பழத்தைப் பறிப்பதோ கூடாது. காப்பித் தூள், மிளகு ஆகியவற்றைத் திரும்பும் வழியில் கடைகளில் வாங்கலாம்.

12.30 மணிக்கு ஊர் திரும்பி உணவு உண்டு, ஓட்டுநர் ஓய்வெடுத்தபின் 3.30 மணிக்கு இறங்கத் தொடங்க வேண்டும். ஏதேனும் ஓர் இடம் விட்டுப்போனால் அது அடுத்த பயணத்துக்கு.

இறங்கும் பாதை

ஏறும்போது அஞ்சுவோர் பலர் இறங்கும்போது அஞ்சுவதில்லை. உண்மையில் இறக்கமே ஆபத்தானது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். அதே பாதையில்தான் ஒவ்வொரு வார இறுதியிலும் புதிய ஓட்டுநர்கள் இறங்குகின்றனர்.

இறக்கத்தில் பிரேக் செய்யும் வேலையை ஒரு சிறிய கணக்கால் அறியலாம். பயணிகளுடன் 1,500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அதன் நிலை ஆற்றல், நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கற்பலன்: 1,500 × 9.8 × 1,200 = ஏறத்தாழ 1 கோடியே 76 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் உள்ள 50 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைக்க இந்த ஆற்றல் போதும். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் இந்த ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறியாக வேண்டும். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் இதன் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிரேக் பாகங்களிலேயே சேர்கிறது. அளவுக்கு மீறிச் சூடான பிரேக் பிடிப்பை இழக்கிறது. பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டானால் மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும்.

இதைத் தவிர்ப்பதற்கான வழி எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துவதாகும். அதற்கான நடைமுறைகள்:

1. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். மலைப்பாதையில் அது பெரும்பாலும் இரண்டாம் கியராக இருக்கும். தானியங்கி கியர் வண்டியில் கீழ் கியருக்கு உரிய நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதோ எஞ்சினை நிறுத்துவதோ கூடாது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும். மேலும், இக்கால வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருள் செல்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விடுவதால் மிச்சம் எதுவும் இல்லை.

3. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும்.

4. கருகும் நாற்றம் வந்தாலோ மிதி மென்மையானாலோ அகலமான இடத்தில் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, 20 நிமிடமாவது ஆறவிட வேண்டும். சூடான பிரேக் மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. புறப்படும்போது கல்லைச் சாலையிலேயே விட்டுச் செல்லவும் கூடாது.

5. குறுகிய இடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், இறங்கும் வண்டி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமன்று, சாலை விதியும் ஆகும்.

6. வளைவில் பேருந்து திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். பேருந்து வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிட வேண்டும். வளைவில் முந்துவதும், படம் எடுக்க வண்டியை நிறுத்துவதும் கூடவே கூடாது.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் தரும் தடை மிகக் குறைவு. எனவே இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டுப் பயன்படுத்தி, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு இறங்க வேண்டும். இருவர் அமர்ந்து, பைகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் மலையேறுவதைத் தவிர்ப்பதே நல்லது. பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

உயரமும் உடலும்

மலைநோய் எனப்படும் உயரப் பாதிப்பு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் ஏற்படும். ஏற்காட்டில் அந்த அச்சம் தேவையில்லை. ஏறும்போது காது அடைப்பதற்குக் காரணம் காற்றழுத்தம் குறைவதே. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ சரியாகும். அடைத்து மூடிய சிப்ஸ் பொட்டலம் மேலே செல்லும்போது உப்பிக்கொள்வதைக் குழந்தைகளுக்குக் காட்டி இதை விளக்கலாம். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும்.

உண்மையான தொல்லை வளைவுகளில் வரும் குமட்டல்தான். வயிறு முட்ட உண்டும், வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போன்ற எளிய உணவு போதும். குமட்டல் வரக்கூடியவரை முன்னிருக்கையில் அமர்த்தித் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கைப்பேசி பார்ப்பது குமட்டலைக் கூட்டும். மாத்திரை தேவையெனில் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். மலையேறும்போது போட்டுப் பயனில்லை.

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்குச் சேலம் இறங்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்கள் தம் மருந்துகளை இரண்டு நாளுக்குப் பதிலாக நான்கு நாளுக்கு எடுத்துச் செல்வது நல்லது. மண்சரிவால் பாதை அடைபட்டால் அது கைகொடுக்கும்.

செலவும் பொருட்களும்

செலவைப் போக்குவரத்து, தங்குமிடம், உணவு, நுழைவுக் கட்டணம் என நான்காகப் பிரித்து எழுதி, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரச் செலவுக்கு ஒதுக்க வேண்டும். விடுதியை முன்பதிவு செய்யும்போது வெந்நீர் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, ஏரியிலிருந்து எவ்வளவு தொலைவு ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். ஏரியிலிருந்து வெகுதொலைவில் உள்ள விடுதி மலிவாக இருந்தாலும், ஒவ்வொரு வேளை உணவுக்கும் வண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கையில் கொஞ்சம் ரொக்கம், மழை மேலங்கி, வழுக்காத காலணி, டார்ச் விளக்கு, மெல்லிய கம்பளி ஆடை, தண்ணீர்ப் புட்டி, குப்பை போட ஒரு துணிப்பை ஆகியவை இருந்தால் போதும். எல்லா இடங்களிலும் கைப்பேசி அலைவரிசை கிடைக்கும் என்று நம்பாமல், தங்கும் விடுதியின் எண்ணைத் தாளிலும் எழுதிக்கொள்ளலாம்.

மலை மக்களும் மலையும்

சேர்வராயன் மலையில் பல கிராமங்களில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். பெயரைக் கண்டு கேரளத்தவர் என்று எண்ணக் கூடாது. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. சேர்வராயன் இவர்களின் தெய்வம். சுற்றுலாப் பயணிக்குக் காட்சி முனையாகத் தெரியும் இடம் இவர்களுக்கு வயலும் கோயிலும் சுடுகாடுமாக இருக்கலாம். அனுமதி கேட்காமல் வீடுகளையும் மனிதர்களையும் படம் எடுப்பது முறையன்று.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்கள் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. மலையில் வீசப்படும் குப்பை மழைநீரோடு ஏரிக்கும் ஓடைக்கும் செல்கிறது. உடைந்த கண்ணாடிப் புட்டிகள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன. குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்தால் அவை சாலையோரத்திலேயே தங்கி, வண்டியில் அடிபட்டு இறக்கின்றன. பழகிய குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பறிக்கவும் கற்றுக்கொள்கிறது.

பிற மலைகளுக்கு இம்முறை

இதே கணக்கை வேறு மலைகளுக்கும் பயன்படுத்தலாம். நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். ஆகவே அங்கு ஒரு நாளில் ஓர் அருவியும் ஒரு கோயிலும் போதும். ஏலகிரிக்கு 14 வளைவுகளே என்பதால் சிறு குழந்தைகளுடன் முதல் மலைப்பயணம் செல்வோருக்கு அது ஏற்றது. திண்டுக்கல் அருகிலுள்ள சிறுமலைக்கு 18 வளைவுகள். எந்த மலையானாலும் வளைவுகளின் எண்ணிக்கை, உயரம், சூரியன் மறையும் நேரம் ஆகிய மூன்றையும் முதலில் எழுதிக்கொண்டு, இறங்கும் நேரத்தை முடிவு செய்து, அதன்பின் மீதியுள்ள மணிகளில் இடங்களைப் பொருத்த வேண்டும்.

புறப்படும் முன் சரிபார்க்க

• வானிலை எச்சரிக்கை, பாதை நிலை, மாவட்ட நிர்வாக அறிவிப்பு
• பிரேக், டயர், முகப்பு விளக்கு, மூடுபனியில் உதவும் கண்ணாடித் துடைப்பான்
• அறை முன்பதிவு, பார்க்கும் இடங்கள் திறந்திருக்கும் நாள், நேரம்
• மருந்துகள், அவசர ஊர்தி எண் 108
• வீட்டில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவைத்தல்
• ஞாயிறு மாலை இறங்கத் தொடங்கும் நேரம்: இதை எல்லோரும் அறியும்படி முதல் நாளே சொல்லிவிடுதல்

இறுதியாக உள்ளதே மிக முக்கியமானது. இறங்கும் நேரத்தை முதலிலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டால், கடைசி நாளில் ஓட்டுநரை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.